தெரியாதுன்னு சொன்ன நீதிபதி

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆபீஸ் வேலை, வீட்டு வேலைன்னு காரணம் அடுக்கலாம். உண்மையில் சோம்பேறித்தனம்தான், வேறென்ன.

நமக்குப் பிடித்த மனுஷங்களைப் பத்தி எழுதறதுன்னா இளையராஜா, சுஜாதா, சச்சின் என்று ஒரு வட்டத்துக்குள்ளேயே சுத்தி வருவோம். நானும் சுத்தியிருக்கேன். இந்தத் தடவை கொஞ்சம் வெளியே வந்து ஒரு நீதிபதியைப் பத்தி எழுதப் போறேன். "என்னது, நீதிபதியா?" என்று தங்கமணியே கேட்டாச்சு. கோர்ட்டுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், தாத்தா காலத்து வரப்புத் தகராறு ஒன்றுக்காக அப்பாவோடு நாலைந்து வாய்தாவுக்குப் போய், வாசலில் நின்று டீ குடித்ததோடு சரி. கோட்டு போட்ட யாரைப் பார்த்தாலும் பயம் வருமே தவிர பிரியம் வந்ததில்லை.

அவர் பெயர் என். ஆனந்த் வெங்கடேஷ். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி. ஏன் பிடிக்கும் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு கொசுவத்தி சுத்தியாக வேண்டும். இதில் நான் நல்லவன் கிடையாது. முதலிலேயே சொல்லிடறேன்.

1997. இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல், ரெண்டாம் வருஷம். ஒரு ரூமுக்கு நாலு பேர். அதில் ஒருத்தன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, 'அவன்' என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு ட்ராயிங் சுத்தமாக வராது. என் ஷீட்டில் பாதி அவன் போட்டுக் கொடுத்தது. மஞ்சக்காமாலை வந்து நான் சுருண்டு கிடந்தபோது, ராத்திரி பஸ்ஸில் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஊரில் விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்து மறுநாள் இன்டர்னல் எழுதினவன். நடையும் பேச்சும் கொஞ்சம் மென்மையாக இருக்கும். அதனால் ஹாஸ்டலில் அவனுக்கு ஒரு பொம்பளைப் பேர் வைத்திருந்தார்கள். 'வைத்திருந்தார்கள்' என்று எழுதும்போதே கை கூசுது. நானும் அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன்.

ஒரு நாள் ராத்திரி கரண்ட் போய்விட்டது. மொட்டை மாடியில் நாங்கள் ரெண்டு பேர் மட்டும். ரொம்ப நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னான்.

"எனக்குப் பொண்ணுங்களைப் பார்த்தா ஒண்ணுமே தோண மாட்டேங்குதுடா. பசங்களைப் பார்த்தாத்தான்... யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. அதான் உன்கிட்ட சொல்றேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டேய், என்னைய ஒண்ணும் பண்ணிடாதடா" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் பெரிய மனுஷன் மாதிரி, "அதெல்லாம் வயசுக் கோளாறுடா. ஒரு கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும்" என்றேன். "சரிடா" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டான்.

அதோடு விட்டிருந்தால்கூட மன்னிக்கலாம். நான் இதை ரெண்டு பேரிடம் சொன்னேன். எதுக்குச் சொன்னேன் என்று இன்றுவரைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். சிரிக்க ஒரு விஷயம் கிடைச்சதே என்ற அல்ப சந்தோஷத்தைத் தவிர வேறு காரணமே கிடைக்கலை. மூணாவது நாள் ஹாஸ்டல் பூராவும் தெரிந்துவிட்டது. பாத்ரூம் கதவில் எழுதினார்கள். அவன் குளிக்கப் போனால் மத்தவர்கள் துண்டை இறுக்கிக் கட்டுவது போல நடித்தார்கள். அடுத்த மாதமே வெளியில் ரூம் எடுத்துப் போய்விட்டான். அதற்கப்புறம் எனக்கு அவன் ட்ராயிங் போட்டுத் தரவில்லை. நான் கேட்கவுமில்லை.

நிற்க. கொசுவத்தியை அணைச்சிட்டு 2021-க்கு வருவோம்.

மதுரைப் பக்கத்திலிருந்து ரெண்டு பெண்கள். வயது 22, 20. ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் விரும்புகிறார்கள். வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. கிளம்பிச் சென்னைக்கு வந்துவிட்டார்கள். பெற்றோர் 'பெண்ணைக் காணோம்' என்று போலீசில் புகார் கொடுக்க, போலீஸ் தேடி வந்து விசாரிக்க, பயந்துபோன அந்தப் பெண்கள் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு ஆனந்த் வெங்கடேஷ் முன்னால் வந்தது.

சட்டப்படி பார்த்தால் அஞ்சு நிமிஷ வேலை. 1860-ல் வெள்ளைக்காரன் எழுதி வைத்த 377-வது பிரிவை, வயது வந்தவர்கள் மனமொத்து இருப்பதைப் பொறுத்தவரை, உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ம் தேதியே செல்லாது என்று சொல்லியாச்சு. ரெண்டு பேரும் மேஜர். "போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது" என்று நாலு வரி எழுதிவிட்டு அடுத்த கேஸைக் கூப்பிட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் அப்படிச் செய்யவில்லை. முதலில் அந்தப் பெண்களையும் அவர்களுடைய பெற்றோரையும் ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார். வித்யா தினகரன் என்பவர். அவர் எல்லாரிடமும் பேசி அறிக்கை கொடுத்தார். அதைப் படித்த பிறகு, ஏப்ரல் கடைசியில் நீதிபதி ஓர் உத்தரவு போட்டார் பாருங்க, அங்கேதான் நான் கவுந்தேன்.

அதன் சாரம் இதுதான். இந்த விஷயத்தில் எனக்கே முழுசாத் தெளிவு இல்லை. தீர்ப்பில் நான் எழுதும் வார்த்தை மூளையிலிருந்து வந்தால் போதாது, மனசிலிருந்து வரணும். அதற்கு முதலில் நான் கத்துக்கணும். அதனால் அதே உளவியலாளரிடம் நானும் போய் உட்கார்கிறேன், நேரம் ஒதுக்கித் தாருங்கள்.

உயர் நீதிமன்ற நீதிபதி ஐயா! நம்ம ஊர்ல ஒரு வார்டு கவுன்சிலர்கூட 'எனக்குத் தெரியாது' என்று மைக்கில் சொல்லிக் கேட்டதில்லை. அவர் அதை எழுத்தில், கையெழுத்துப் போட்டு, கோர்ட் ஆவணமாகவே ஆக்கிவிட்டார்.

சொன்ன மாதிரியே போய் உட்கார்ந்தார். அந்த உளவியலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். மருத்துவம் படித்த ஒரு திருநங்கையிடமும், அவருடைய அம்மாவிடமும் பேசினார். பிறகு 2021 ஜூன் 7-ம் தேதி உத்தரவு வந்தது. ஊரடங்கு நேரம், வீட்டில் அடைந்து கிடந்தேன். ஒரு நண்பர் பி.டி.எஃப். அனுப்பி வைத்தார். ரெண்டு பக்கம் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன், ராத்திரி ரெண்டு மணி ஆகிவிட்டது. இந்த விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளாத பெரும்பான்மை ஜனங்களில் நானும் ஒருத்தன் என்று ஒத்துக்கொள்கிறார். ஆனால் தெரியாது என்பது இன்னொருத்தரைக் கீழே தள்ளுவதற்குச் சாக்கு ஆகாது என்றும் அடுத்த மூச்சிலேயே சொல்கிறார். தனக்குச் சொல்லிக் கொடுத்தவர்களைக் குருக்கள் என்றே எழுதியிருக்கிறார்.

எனக்கு மொட்டை மாடிதான் ஞாபகம் வந்தது. எனக்கும் அன்றைக்குத் தெரியாதுதான். ஆனால் நான் தெரிந்தவன் மாதிரி தீர்ப்பு சொன்னேன்.

சரி, உத்தரவில் என்னதான் இருந்தது? காணாமல் போனவர்கள் என்று புகார் வந்து, தேடிப் போனால் அவர்கள் மனமொத்த மேஜர் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போலீஸ் வழக்கை முடித்துவிட வேண்டும். தன்பாலீர்ப்பை மருந்து கொடுத்து 'மாத்துறேன், குணப்படுத்துறேன்' என்று யாரும் கிளம்பக் கூடாது. அப்படிச் செய்யும் மருத்துவர் மேல் நடவடிக்கை, உரிமம் பறிப்பதுவரைக்கும். போலீசுக்கும் நீதித்துறைக்கும் பெற்றோருக்கும் விழிப்புணர்வு வகுப்புகள். பள்ளி, கல்லூரிகளுக்கும் சொல்லியிருந்தார். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசுங்கள், கேலிக்கு ஆளாகும் பிள்ளைகள் போய்ப் பேச விஷயம் தெரிந்த ஆலோசகரை வையுங்கள், எல்லாரும் போகக்கூடிய கழிப்பறை வையுங்கள். படித்ததும் எங்கள் ஹாஸ்டல் பாத்ரூம் கதவு கண்ணுக்கு முன்னால் வந்தது.

உத்தரவு போட்டதோடு அவர் ஃபைலை மூடவும் இல்லை. வழக்கைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு 'என்ன ஆச்சு' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மருத்துவப் பாடப் புத்தகங்களில் தன்பாலீர்ப்பைக் குற்றம் மாதிரியும் வக்கிரம் மாதிரியும் எழுதியிருந்ததை 2021 ஆகஸ்டில் கேள்வி கேட்டார். அந்த அக்டோபரில் தேசிய மருத்துவ ஆணையம் மருத்துவக் கல்லூரிகளுக்கு அறிவுரை அனுப்பியது. 2022-ல் 'மாத்துற சிகிச்சை' தொழில்முறைத் தவறு என்று அதே ஆணையம் சொன்னது. தமிழ்நாட்டில் 1964-ம் வருஷத்துப் போலீஸ் நடத்தை விதிகளில், இவர்களையும் இவர்களுக்கு உதவி செய்பவர்களையும் போலீசார் துன்புறுத்தக் கூடாது என்று 2022 பிப்ரவரியில் புதுசாக ஒரு விதி சேர்ந்தது.

நம்மை மாதிரி எழுதுகிறவர்களுக்கு முக்கியமான இன்னொன்று. மரியாதையாகக் குறிப்பிட ஒரு சொல் பட்டியல் வேண்டும் என்று கேட்டு, 2022 ஆகஸ்டில் தமிழக அரசு அதை அரசிதழிலேயே வெளியிட்டது. 'பால்புதுமையர்' என்பதெல்லாம் அதில் உண்டு. நாம ரொம்ப வருஷமா 'ஓரினச்சேர்க்கை' என்றுதானே எழுதிக்கிட்டிருந்தோம்? அந்தச் சொல்லைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. ஒரு மனுஷனோட மொத்த வாழ்க்கையையும் படுக்கையறைக்குள்ள அடைச்சிடுது. 'தன்பாலீர்ப்பு' என்றால் ஈர்ப்பு, அவ்வளவுதான். நமக்கு வந்த மாதிரி, பஸ் ஸ்டாப்பில் வந்த மாதிரி, ஈர்ப்பு.

இதெல்லாம் படிச்சு, ஆஹா என்று சொல்லிவிட்டு நானும் அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். 2023 பொங்கல் முடிந்த கையோடு அக்காவிடமிருந்து போன் வந்தது.

(அக்கா மகனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "ஊரை மாத்திடுங்க மாமா, மத்தபடி எழுதுங்க" என்றான். மாத்திட்டேன்.)

"தம்பி, உன் மாப்ள போனைப் பார்த்தேன்டா" என்றவள் அதற்குமேல் பேசாமல் அழுதாள். அத்தான் போனை வாங்கி, "ஒண்ணுமில்ல மாப்ள, பக்கத்து டவுன்ல ஒரு டாக்டர் இருக்காராம். பத்து சிட்டிங்ல சரி பண்ணிடுவாராம். அட்வான்ஸ் மூவாயிரம் கட்டியாச்சு. பய வரமாட்டேங்கிறான். நீ சொன்னா கேப்பான், வந்து கூட்டிட்டுப் போ" என்றார்.

பையனுக்கு அப்போது 19 வயது. நான் ராத்திரி பஸ் பிடித்தேன். வழியெல்லாம் தூக்கமில்லை. 26 வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு ராத்திரி பஸ்ஸில் மஞ்சக்காமாலையோடு என்னைக் கூட்டிக்கொண்டு போனவன் ஞாபகமாகவே இருந்தது.

காலையில் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு கண்மாய்க்கரைப் பக்கம் போனேன். அங்கே ஒரு டீக்கடை. அவன் நிமிரவே இல்லை. நான் பஸ்ஸில் தயார் பண்ணி வைத்திருந்த வசனம் பூராவும் மறந்துபோய், வாயில் வந்தது இதுதான்:

"மாப்ள, எனக்கு இதைப் பத்தி அரைகுறையாத்தான் தெரியும். நீ சொல்லு, நான் கேக்குறேன். தப்பா ஏதாச்சும் கேட்டா திருத்து."

நிமிர்ந்து பார்த்தான். "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகத்தான வந்தீங்க?"

"இல்லடா. அவர்கிட்ட போக வேண்டாம்னு உங்கம்மாகிட்ட சொல்லத்தான் வந்தேன்."

ரெண்டு மணி நேரம் பேசினான். நாலு டீ. எட்டாம் வகுப்பில் பி.டி. வாத்தியார் மைதானத்தில் எல்லாருக்கும் முன்னால் "ஆம்பள மாதிரி நடந்து காட்டுடா" என்று அவனை நடக்க விட்டாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கப்புறம் கிணத்துப் பக்கம் அடிக்கடி போய் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவனும் விளக்கவில்லை. என் கையில் இருந்த டீ ஆறிப்போச்சு.

வீட்டுக்கு வந்தால் அக்கா தயாராக இருந்தாள். "ஊரு என்னடா சொல்லும்? எங்களுக்கப்புறம் இவனுக்கு யாருடா சோறு போடுவா? பொண்டாட்டி புள்ளன்னு ஒண்ணும் வேண்டாமா?" அவளை என்னால் திட்ட முடியவில்லை. அந்த ரெண்டு பெண்களைப் பெற்றவர்களின் பயமும் கிட்டத்தட்ட இதே பயம்தான். உளவியலாளரின் அறிக்கையில் இருக்கிறது. பெத்த வயிற்றுப் பயம், அதற்கு வில்லன் வேஷம் கட்ட முடியாது.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தாச்சு. நோயே இல்லாதப்ப டாக்டர் எதைக்கா சரி பண்ணுவாரு? அக்கா அசையவில்லை. உலக சுகாதார நிறுவனம் அவளுக்கு என்ன மாமனா மச்சானா? பிறகுதான் நீதிபதி கதையைச் சொன்னேன். மதுரைப் பெண்கள், அவர் கத்துக்கப் போனது, மாத்துறேன்னு சொல்ற டாக்டர் லைசென்ஸுக்கே ஆபத்து என்று உத்தரவு போட்டது, எல்லாம்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "ஹைகோர்ட் ஜட்ஜே போயி உக்காந்து பாடம் கேட்டாராக்கும்?"

"ஆமாக்கா."

"அவ்வளவு படிச்சவருக்கே தெரியலையாமா?"

"தெரியலைன்னு அவரே எழுதியிருக்காரு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்ப எனக்குத் தெரியலைன்னா தப்பில்லை, இல்ல?" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த மனுஷன் எழுதினதில் இதுதான் எங்க வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தெரியலைன்னா தப்பில்லை. தெரியாமலே தீர்ப்பு சொன்னாத்தான் தப்பு.

அந்த டாக்டரிடம் போகவில்லை. மூவாயிரம் திரும்பி வரவில்லை, போகட்டும். அக்கா முழுசாக மாறிவிட்டாள் என்று கதை விட மாட்டேன். இன்னமும் சில ராத்திரி அழுகிறாள். ஆனால் அவன் போனைத் தொடுவதில்லை. ஜாதகத்தை பீரோவிலிருந்து வெளியே எடுக்கவில்லை. லீவுக்கு வந்தால் நண்டுக் குழம்பு வைக்கிறாள். அவன் இப்போது படிப்பு முடித்து வேலைக்குப் போகிறான்.

அந்த நீதிபதியைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. தீர்ப்புக்கும் தாலுகா போலீஸ் ஸ்டேஷனுக்கும் நடுவில் தூரம் ஜாஸ்தி. 2023 அக்டோபர் 17-ம் தேதி, இவர்களின் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இன்னும் நிறைய பாக்கி இருக்கு. அதோடு, முதல் தைரியம் அந்த ரெண்டு பெண்களுடையது. அவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பியிருக்காவிட்டால் வழக்கே இல்லை. "ஜட்ஜுன்னா சட்டத்தைப் பார்த்துட்டுப் போகணும், மனசு கினசெல்லாம் எதுக்கு?" என்று என் நண்பர் ஒருவரே கேட்டார். இருக்கலாம். ஆனா சட்டம் மாறி மூணு வருஷம் கழிச்சும் அந்தப் பொண்ணுங்க ஓட வேண்டியிருந்துச்சே. மாறாதது சட்டம் இல்லை, நாமதான். அதை அவர் தன்னிடமிருந்தே ஆரம்பித்தார். அதனால்தான் பிடிக்கும்.

கடைசியாக ஒன்று. எங்கள் பேட்ச்சுக்கு ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. 'அவனை'யும் யாரோ சேர்த்தார்கள். ரெண்டே நாளில் ஒருத்தன் அந்தப் பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டான், சிரிப்பு பொம்மைகள் வரிசையாக விழுந்தன, அவன் வெளியேறிவிட்டான். அக்கா ஊரிலிருந்து திரும்பி வந்த வாரம், அவன் நம்பருக்குத் தனியாக எழுதினேன். மாடியில் நான் சொன்னது தப்பு, வெளியில் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு, மன்னிச்சுடுன்னு கேட்கக்கூட கூச்சமா இருக்கு என்று எழுதினேன். மூணு வாரம் கழித்துப் பதில் வந்தது.

"படிச்சேன். இப்ப எதுவும் சொல்லத் தெரியலடா. ஆனா படிச்சேன்."

அவ்வளவுதான். அதற்குமேல் கேட்க எனக்கு உரிமை இல்லை. குரூப்பில் மட்டும், அந்தப் பேரை இனிமேல் யாரும் எடுக்கக் கூடாது என்று எழுதினேன். நாலு பேர் கோபித்துக்கொண்டார்கள். ரெண்டு பேர் தனியாகக் கூப்பிட்டு, "நல்லதுடா" என்றார்கள். அதில் ஒருத்தன், பாத்ரூம் கதவில் எழுதினவன்.

டிஸ்கி: உங்க வீட்டுப் பையனோ பொண்ணோ, அண்ணன் மகளோ அக்கா மகனோ, இந்த மாதிரி ஏதாவது சொல்ல வந்தா, பதில் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமே இல்லை. "எனக்குத் தெரியாது, நீ சொல்லு"ன்னு உட்காருங்க. டீ செலவு மட்டும் கொஞ்சம் ஆகும் :-)